அச்சுப் பூ ஏன் சொதப்புகிறது? அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

நாங்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறோம். என் தங்கை ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறாள், நான் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில். ஒரே பெட்டி பூ ஸ்டாம்பை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அக்ரிலிக் வண்ணமும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியதுதான். ஆனால் அவளுக்கு வரும் கோளாறு எனக்கு வருவதில்லை, எனக்கு வருவது அவளுக்கு வருவதில்லை. "அக்கா, ஸ்டாம்ப் பேப்பரோடயே ஒட்டிக்குது, பிச்சு எடுக்க வேண்டியிருக்கு" என்று ஜூலையில் போன் செய்வாள். எனக்கோ பிப்ரவரியில் தாள் அப்பளமாகச் சுருளும், பூசிய வண்ணம் மறுநாளும் பிசுபிசுக்கும்.

ஸ்டாம்பைத் திட்டி, வண்ணத்தைத் திட்டி, இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது. அக்ரிலிக் வண்ணம் என்பது தண்ணீரில் மிதக்கும் நிறப்பொடியும் நுண்ணிய பிளாஸ்டிக் துகளும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று இறுகி ஒரே படலமாகிவிடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. அந்தத் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில்தான் முக்கால்வாசிக் கோளாறும் அடங்கியிருக்கிறது. டர்பன் கடலோரம், கோடையில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும், வண்ணத்திலிருந்து தண்ணீர் வெளியேற இடமில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் மேட்டு நிலம். அங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம், கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் பறந்துவிடும். ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறியைப் பார்த்தாலும், முதலில் ஜன்னலைத் திறந்து இன்றைக்குக் காற்று எப்படி என்று பாருங்கள்.

கோளாறுகளுக்கு முன்னால், நான் அச்சிடும் விதத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பழைய கண்ணாடித் தட்டு அல்லது டைல்ஸ் துண்டில் பட்டாணி அளவு வண்ணம். சின்ன ரோலரால் அதை மெல்லிசாக இழுத்துப் பரப்ப வேண்டும். ரோலர் எழுப்பும் சத்தத்தைக் கேளுங்கள்: சேற்றில் செருப்பு நடக்கிற மாதிரி 'சளக் சளக்' என்றால் வண்ணம் அதிகம், பட்டுப்புடவை உரசுகிற மாதிரி மெல்லிய 'ஸ்ஸ்' என்றால் சரி. அந்த ரோலரை ஸ்டாம்பின் மேல் இரண்டு பக்கமாகவும் ஓட்டி, ஸ்டாம்பைத் தாளில் நேராக வைத்து, விரலால் எல்லா இடத்தையும் ஒருமுறை அழுத்தி, நேராகத் தூக்கணும். ரோலர் இல்லாவிட்டால் மேக்கப் போடும் முக்கோண ஸ்பாஞ்ச் போதும். ஸ்டாம்பை வண்ணத்தில் முக்கி எடுப்பது மட்டும் வேண்டாம். தொடக்கத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான், நானும் செய்தேன்.

பூவின் கோடுகள் தெரியவில்லை, மொத்தமும் ஒரே திட்டாக விழுகிறது

வண்ணம் அதிகம். வேறு காரணம் தேட வேண்டாம். இதழ் நரம்புகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வண்ணம் இறங்கிவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். ஸ்டாம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பள்ளங்கள் பளபளத்தால் அங்கே வண்ணம் நிற்கிறது. இயர் பட்ஸால் பள்ளத்தைத் துடைத்துவிட்டு, உதவாத தாளில் ஒருமுறை அச்சிட்டு, இரண்டாவது அச்சை நல்ல தாளில் போடுங்கள். என் அனுபவத்தில் முதல் அச்சைவிட இரண்டாவது அச்சுதான் எப்போதும் அழகு.

மெல்லிய நரம்பு வரைந்த ஸ்டாம்புக்கு அக்ரிலிக் அவ்வளவாக ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டதற்கு மை பேட் நல்லது. அக்ரிலிக் என்றால் அகலமான இதழ், தடித்த கோடு, ஃபோமில் வெட்டிய ஸ்டாம்ப். கடையில் ஸ்டாம்பைப் பார்க்கும்போதே கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு அரிசி மணி படுக்குமா என்று பாருங்கள். படுக்காவிட்டால் அதை மைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் பூதான் விழுகிறது, நடுவிலோ ஓரத்திலோ வெள்ளையாக விட்டுப்போகிறது

இது ஒரே அறிகுறிதான், ஆனால் நான்கு காரணம் உண்டு. ஊகிக்க வேண்டாம், ஒரு சோதனை செய்யுங்கள். முதல் அச்சு போட்ட அதே மேஜை இடத்தில், வேறு தாளில், ஸ்டாம்பின் மேல்பக்கம் கீழே வருமாறு அரை வட்டம் திருப்பி இன்னொரு அச்சு போடுங்கள்.

வெள்ளை இடமும் பூவோடு சேர்ந்து திரும்பினால் குறை ஸ்டாம்பில் இருக்கிறது. வெள்ளை அதே திசையில், மேஜையின் அதே மூலையில் நின்றால் குறை மேஜையில் அல்லது உங்கள் கையில். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விட்டால் வண்ணம் சரியாகப் பரவவில்லை, இல்லாவிட்டால் தாளைத் தொடுவதற்குள் காய்ந்துவிட்டது.

ஸ்டாம்பில் குறை என்றால், புதிய ஸ்டாம்பாக இருந்தால், செய்த இடத்து வழுவழுப்பு இன்னும் மேலே ஒட்டியிருக்கும். வண்ணம் அதில் நிற்காமல் முத்து முத்தாக ஒதுங்கும். வெள்ளை அழிப்பான் கொண்டு ஸ்டாம்பின் முகத்தை மெதுவாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பழைய மரக்கட்டை ஸ்டாம்பாக இருந்தால் கட்டை வளைந்திருக்கலாம். சமையல் மேடைக் கல்லின் மேல் நிறுத்தி, ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ரப்பரைக் கட்டையிலிருந்து உரித்தெடுத்துத் தனியாகக் கண்ணாடிக் கட்டையில் ஒட்டிக்கொள்வதுதான் வழி.

மேஜையில் குறை என்றால் சுலபம். தாளுக்கு அடியில் ஒரு பழைய மவுஸ் பேட், அல்லது நான்காக மடித்த நாளிதழ். மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். மிகவும் மெத்தென்று இருந்தாலும் ஆகாது, ஸ்டாம்பின் ஓரம் தாளில் புதைந்து பூவைச் சுற்றி ஒரு கோடு விழும். அப்படிக் கோடு விழுந்தால் ஸ்டாம்பின் பூவுக்கு வெளியே இருக்கும் உதவாத ரப்பரைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். வெட்ட மனம் வராவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஓரத்தைத் துடைக்க வேண்டியதுதான்.

ஸ்டாம்ப் தாளோடு ஒட்டிக்கொள்கிறது, எடுத்தால் தாளின் தோல் உரிகிறது

தங்கையின் நிரந்தரப் புகார் இது. மேட்டு நிலத்துக் குளிர்காலக் காற்றில் மெல்லிசாகப் பரப்பிய வண்ணம் அரை நிமிடத்துக்குள் பசையாகிவிடும். பசை பிடித்த இரண்டு பொருளை அழுத்தினால் ஒட்டத்தானே செய்யும்.

டர்பனிலும் இது வரும் நாட்கள் உண்டு. குளிர்காலத்திலும் அது முடிகிற சமயத்திலும் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து கடலை நோக்கிச் சூடாக, வறட்டுத்தனமாக ஒரு காற்று வீசும், பெர்க் காற்று. அன்றைக்கு மட்டும் சாட்ஸ்வர்த்தும் லெனேசியா ஆகிவிடும். போன வருடம் புரட்டாசி விரதம் தொடங்கிய வாரம், கொலுவுக்குப் பூத்தோரணம் செய்ய உட்கார்ந்தேன். 12 அச்சில் 9 கிழிந்தது. ஸ்டாம்ப் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் காற்று திரும்பியதும் அதே ஸ்டாம்ப் சமர்த்தாக வேலை செய்தது.

செய்ய வேண்டியது: மின்விசிறியையும் ஹீட்டரையும் நிறுத்துங்கள், ஜன்னலை மூடுங்கள். தட்டில் இருக்கும் வண்ணத்தின் மேல் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை தண்ணீர் தெளியுங்கள். இஸ்திரி போடும்போது தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் போதும். பனிபோல் விழ வேண்டும், துளியாக விழக் கூடாது. கலைப்பொருள் கடைகளில் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் தனியாகக் கிடைக்கும், ரிடார்டர் என்று கேளுங்கள். பட்டாணி அளவு வண்ணத்துக்கு ஒரு துளி. "ரெண்டு துளி விட்டா இன்னும் நல்லா இருக்குமே" என்று தங்கை விட்டாள்; பூ ஒரு வாரம் காயவில்லை. அப்புறம், ஒரே தடவையில் 10 பூவுக்கு வண்ணம் பரப்பி வைக்காதீர்கள். ஒரு பூவுக்கு எடுத்து, அச்சிட்டு, அடுத்ததற்கு எடுங்கள்.

ஒட்டியே விட்டால் இழுக்க வேண்டாம். தாளின் பின்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். தாள் போகும், ஸ்டாம்ப் பிழைக்கும்.

பூ முழுக்க ஊசி குத்தினாற்போல் துளைகள்

ஸ்பாஞ்ச் ஈரமாக இருக்கிறது, அல்லது நீங்கள் வேகமாகத் தட்டுகிறீர்கள். இரண்டிலும் நுரை வரும், நுரை உடைந்த இடம் துளையாகக் காயும். ஸ்பாஞ்சை ஒட்டப் பிழிந்து, மெதுவாக ஒற்றி எடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஓட்டைகள் பெரிது, அது வேண்டாம். ஆனால் சாமந்திக்கு மட்டும் இந்தத் துளைகள் நன்றாகவே இருக்கும். பூவுக்கு ஒரு சொரசொரப்பு வரும், நான் வேண்டுமென்றே விட்டுவிடுவேன்.

ஒரு பூ இரண்டாகத் தெரிகிறது

வழுக்கியிருக்கிறது. பளபளப்பான தாளில் நிறைய நடக்கும். ஸ்டாம்பை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தும் பழக்கத்தை விட்டுவிட்டு நேராக வைத்து நேராக எடுங்கள். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு தூக்குங்கள். அவ்வளவுதான்.

ஓரத்தில் வண்ணம் முள்முள்ளாகக் கசிகிறது

வண்ணத்தில் தண்ணீர் கலந்திருக்கிறீர்கள். மிச்சம் பிடிக்க நினைத்துத் தண்ணீர் விட்டு நீட்டிக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஷாம்பூ பாட்டில் முதல் தொடங்கிவிடும், தெரியும். ஆனால் இங்கே தண்ணீர் கூடக்கூட நிறப்பொடியைப் பிடித்து வைக்கும் பிசின் நீர்த்துப்போய், தாளின் நார் வழியே நிறம் ஓடும். வண்ணம் கெட்டியான தோசை மாவு பதத்தில் இருக்க வேண்டும், ரவா தோசை மாவாகக் கூடாது. ஏற்கெனவே நீர்த்த வண்ணம்தான் கையில் இருக்கிறது என்றால், தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் காற்றில் விட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். டர்பனில் 15 நிமிடம்.

தண்ணீரே கலக்காமலும் கசிந்தால் தாள் அதிகம் உறிஞ்சுகிறது. தாளுக்கு ஜெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு, ஒரு மெல்லிய கோட் கொடுத்துக் காயவைத்துப் பாருங்கள். ஜெஸ்ஸோ இல்லாவிட்டால் வெள்ளை அக்ரிலிக்கையே மெல்லிசாகப் பூசலாம், ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.

தாள் அப்பளம் மாதிரிச் சுருள்கிறது

இது என் வீட்டுக் கோளாறு, இதைப் பற்றி நான் நிறையவே பேசுவேன்.

தாள் என்பது மர நார். நார் ஈரம் குடித்தால் நீளத்தில் அவ்வளவு வளராது, குறுக்கில் பருக்கும். ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் அந்தப் பக்கம் முதலில் பருக்கும், பிறகு காயும்போது வண்ணப் படலமும் சேர்ந்து இறுக்கி இழுக்கும். தாள் சுருளாமல் வேறென்ன செய்யும்? டர்பனில் கோடையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடுகிற நாட்களில் தாள் பொட்டலத்திலிருந்து எடுக்கும்போதே பாதி ஈரம். தைப்பூசம் வருவதும் சரியாக அந்தச் சமயத்தில்தான்! காவடிக்கு வீட்டு வாசலை அலங்கரிக்க வேண்டும் என்று நான் பூ வெட்ட உட்காரும் மாதம்தான் வருடத்திலேயே தாளுக்கு மோசமான மாதம்.

முதல் திருத்தம், தாளின் கனம். பிரிண்டரில் போடும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் அக்ரிலிக் அச்சிடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கும் 160 ஜிஎஸ்எம் ப்ராஜெக்ட் போர்ட் குறைந்தபட்சம். வாழ்த்து அட்டையின் அடித்தாளுக்கு 220-க்கு மேல் எடுத்தால் நிம்மதி. வெட்டி வளைத்து அடுக்கும் பூவுக்கு மட்டும் 160 போதும், அதற்கு மேல் போனால் இதழ் வளையாது.

இரண்டாவது, நாரின் திசை. தாளை மேஜையில் வைத்து, மடிக்காமல், நீளவாக்கில் ஒருமுறை லேசாக வளைத்துப் பாருங்கள், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வளைவுக்கோடு ஓடும் திசையில்தான் நார் ஓடுகிறது. மடிக்கும் அட்டை செய்தால் மடிப்பை அந்தத் திசையிலேயே வையுங்கள். மடிப்பு வெடிக்காது, அட்டையும் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது.

மூன்றாவது, வண்ணத்தின் அளவு. பெரிய பின்னணியை முழுக்கப் பூசிவிட்டு அதன் மேல் பூ அச்சிடுவதாக இருந்தால், பின்பக்கத்திலும் அதே மாதிரி ஒரு மெல்லிய கோட் பூசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுத்தால் தாள் நடுவில் நேராக நிற்கும். பின்பக்கம் எந்த நிறமாக இருந்தாலும் சரி, தீர்ந்துபோகப் போகிற பாட்டிலை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சுருண்டுவிட்ட தாளுக்கு: வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு, பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலும் கீழும் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி. எங்கள் வீட்டில் அதற்கு ஆயாவின் அம்மிக்கல் இருக்கிறது. அரைக்கிற வேலை மிக்ஸிக்குப் போனதிலிருந்து அது தாள் அழுத்துகிற வேலைதான் பார்க்கிறது.

தாளை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கழிப்பறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்தேன், அதுவே பாதிக் காரணம். இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், மருந்து பாட்டில்களிலும் புதிய செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வைக்கிறேன்.

காய்ந்த மாதிரி இருக்கிறது, ஆனால் அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது

ஒரு கல்யாணத்துக்காக 60 அட்டை செய்து, மேலே மேலே அடுக்கி, பெட்டியில் கட்டி, மேட்டு நிலத்துக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு கெட்டியான செங்கல். அட்டைகளைப் பிரித்தபோது ஒன்றின் பூ இன்னொன்றின் முதுகில் இருந்தது. வண்டிக்காரர் வெயிலில் போட்டுவிட்டார் என்று கோபப்பட்டேன். உண்மையில் தப்பு என்னுடையது.

அக்ரிலிக் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வருவது சில நிமிடத்தில். உள்ளே முழுக்க இறுகுவதற்கு நாட்கள் ஆகும். தடிமனாகப் பூசியிருந்தால் இன்னும் கூடுதல். இறுகிய பிறகும்கூட சூட்டில் இளகும் குணம் அதற்கு உண்டு. சூடும் கனமும் சேர்ந்தால் இரண்டு வண்ணமுகங்கள் பிடித்துக்கொள்ளும். ஆகவே அட்டைகளை முகத்தோடு முகம் வைக்கவே கூடாது. நடுவில் அதே கேக் சுடும் பேக்கிங் பேப்பர் வையுங்கள், மெழுகுத்தாளும் பரவாயில்லை. சாதாரணத் தாள் வைத்தால் அதுவும் ஒட்டும். அனுப்புவதற்கு முன் டர்பன் கோடையில் ஒரு வாரமாவது கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறேன்.

அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிப்பவர்கள் ஒரு முழ தூரத்திலிருந்து, குறைந்த சூட்டில், கையை ஆட்டிக்கொண்டே பிடியுங்கள். கிட்டத்தில் பிடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கிக் கொப்புளம் கிளம்பும். மின்வெட்டு நாளாக இருந்தால் அந்தக் கவலையும் இல்லை, கொடிதான் கதி.

எவ்வளவு நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாவிட்டால், ரிடார்டர் அதிகமாகிவிட்டது என்று பொருள். குட்டிக்கூரா பவுடரை மென்மையான பிரஷ்ஷில் தொட்டு லேசாகத் தடவித் தட்டிவிடுங்கள். பளபளப்பு கொஞ்சம் போகும், பிசுக்கு அடங்கும்.

நிறம் செத்துப்போகிறது

மூன்று விதமாகச் சாகும்.

காய்ந்ததும் ஒரு படி இருண்டு தெரிந்தால், அது கோளாறு இல்லை. வண்ணத்தில் இருக்கும் பிசின் ஈரமாக இருக்கும்போது பால்போல் வெள்ளை, காய்ந்தால் கண்ணாடி. அந்த வெள்ளை போனதும் நிறம் அடர்த்தியாகத் தெரியும். கலக்கும்போதே நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி வெளிறலாகக் கலந்துகொள்ளுங்கள்.

கறுப்பு அட்டையில் மஞ்சள் சாமந்தி போட்டால் பாசிப்பச்சையாகத் தெரிந்தால், மஞ்சள் வழியாகக் கறுப்பு தெரிகிறது. மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு, எத்தனை கோட் போட்டாலும் தீராது. முதலில் அதே ஸ்டாம்பால் டைட்டேனியம் வெள்ளையை அச்சிட்டு, காயவிட்டு, அதன் மேல் மஞ்சளைப் போடுங்கள். இரண்டாவது அச்சு ஒரு மயிரிழை விலகினால் வெள்ளை ஓரம் தெரியும். அது எனக்குப் பிடிக்கும், தங்கைக்குப் பிடிக்காது. பிடிக்காதவர்கள் கண்ணாடிபோல் தெரியும் ஸ்டாம்பை வாங்கிக்கொள்ளுங்கள், அடியில் இருக்கும் பூ தெரியும்.

மூன்றாவது விதம், சேறு. அதற்கு ஸ்ட்ரெலிட்சியாவைத்தான் உதாரணம் சொல்ல வேண்டும். குவாசுலு-நட்டால், கிழக்குக் கேப் கரைகளின் சொந்தப் பூ, பழைய 50 சென்ட் காசிலும் இருந்தது. ஆரஞ்சு நிறப் புல்லிகள், நடுவில் அம்புபோல் நீல இதழ், அடியில் கொக்கின் அலகுபோல் பச்சை மடல். அழகு முழுக்க ஆரஞ்சும் நீலமும் உரசி நிற்பதில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு நிறமும் ஈரத்தில் கலந்தால் கிடைப்பது பழுப்புச் சேறு. சிவப்பும் பச்சையும் அப்படித்தான், மஞ்சளும் ஊதாவும் அப்படித்தான். ஆகவே ஆரஞ்சை முதலில் அச்சிட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் குளிர்ச்சி தெரியாத வரை காத்திருங்கள். தொட்டால் ஜில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. பிறகுதான் நீலம். நீலத்தை ஆரஞ்சின் மேல் ஏற்றினாலும் மங்கும், அதனால் நீலம் விழும் இடத்துக்கு ஒரு சின்ன வெள்ளை அம்பு போட்டுவிட்டு அதன் மேல் நீலம் போடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் கிங் ப்ரோட்டியா, நம் நாட்டின் தேசியப் பூ, அதைச் செய்யுங்கள். ஒரே இளஞ்சிவப்பில் வெளிறலும் அடர்த்தியுமாக மூன்று அளவு மடல் அச்சிட்டு வெட்டி அடுக்கினால் முடிந்தது, சேறு ஆவதற்கு வழியே இல்லை.

இதழை வளைக்கும்போது வண்ணம் வெடிக்கிறது

தடிமனான வண்ணம், அல்லது குளிர். அக்ரிலிக் படலம் சாதாரணமாக ரப்பர்போல் வளையும், கடுங்குளிரில் கண்ணாடிபோல் உடையும். லெனேசியாவில் ஜூலை விடியற்காலையில் 5 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். தங்கை கராஜில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். அவளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: 10 டிகிரிக்குக் கீழே பூசினால் துகள்கள் ஒன்றோடொன்று சரியாக இறுகாது, காய்ந்த மாதிரித் தெரியும், தேய்த்தால் மாவாக உதிரும். அதற்குத் திருத்தம் எதுவும் கிடையாது, சமையலறைக்கு வந்து செய்ய வேண்டியதுதான்.

வெடிக்காமல் வளைக்க, வெட்டிய இதழின் பின்பக்கத்தை ஈர விரலால் ஒருமுறை தடவி, உள்ளங்கையில் வைத்து, ஸ்பூனின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் குழியாக்குங்கள். பென்சிலில் சுற்றுவதாக இருந்தால் முன்பு சொன்ன நாரின் திசையில் சுற்றுங்கள். ஏற்கெனவே வெடித்த இதழை எறிய வேண்டாம், அடுக்கின் அடிவரிசையில் வைத்தால் யாருக்கும் தெரியாது.

ஒட்டிய பூ கழன்று விழுகிறது

வண்ணப் படலத்தின் மேல் பசை போட்டிருக்கிறீர்கள். படலம் வழுவழுப்பு, வெள்ளைப் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தை நகவெட்டியின் அரத்தால் சுரண்டித் தாளை வெளியே கொண்டுவந்து ஒட்டுங்கள். சூட்டுப்பசை உடனே பிடிக்கும், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். கோவிலுக்கு எடுத்துப்போகும் தோரணத்தை ஊசி நூலால் கோப்பதுதான் எனக்கு நம்பிக்கை.

ஸ்டாம்பில் வண்ணம் காய்ந்துவிட்டது

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். சிவப்பு அல்லது சாம்பல் நிற ரப்பர் என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒற்றி, இரண்டு நிமிடம் விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் படலம் தோலாக உரிந்து வரும். உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்புப் பக்கத்தில் வேண்டாம். கண்ணாடிபோல் தெரியும் பாலிமர் ஸ்டாம்ப் என்றால் ஸ்பிரிட்டில் ஊறவைக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து விரலால் உருட்டி எடுங்கள். அது மஞ்சளானால் பயப்பட வேண்டாம், ஆனால் வெயிலில் வைத்தால் கெட்டியாகி வெடிக்கும். மரக்கட்டையில் ஒட்டியதை எந்தத் தண்ணீரிலும் முக்கக் கூடாது, பசை விட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட நல்லது, காயவிடாமல் இருப்பது. ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து வைத்துக்கொண்டு, அச்சிட்டதும் ஸ்டாம்பை முகம் கீழாக அதன் மேல் வைத்துவிடுங்கள். கழுவுவதற்கு முன் மிச்ச வண்ணத்தைத் தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். அது பிளாஸ்டிக், தொட்டிக் குழாயிலும் அடைக்கும், கடலுக்கும் போகும்.

வெண்டைக்காய் ஸ்டாம்ப் வழுக்குகிறது

சின்னப் பிள்ளைகளோடு செய்யும்போது நான் கடை ஸ்டாம்பைக் கொடுப்பதில்லை, வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் கொடுப்பேன். ஐந்து இதழ்ப் பூ தானாகவே விழும். ஆனால் வெட்டியவுடனே முக்கினால் வழவழப்பு வண்ணத்தோடு கலந்து நூல் நூலாக இழுக்கும். வெட்டிய முகத்தை நாளிதழின் மேல் கவிழ்த்து அரை மணி நேரம் வையுங்கள், இடையில் ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். விதைகளைக் குச்சியால் நோண்டி எடுத்தால் நடுவில் உள்ள ஓட்டைகள் தெளிவாக விழும். கொஞ்சம் முற்றின காயாகப் பாருங்கள், பிஞ்சு நசுங்கிவிடும். காம்புப் பக்கம் பிள்ளைக்குக் கைப்பிடி. மறுநாளைக்கு எடுத்து வைக்க முடியாது, சுருங்கிப் பூ கோணிவிடும். வண்ணம் பட்டதால் குழம்புக்கும் ஆகாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்று சட்டிக்குள் வந்துவிடும்.